மூன்று ஊர்களின் சொடுக்கு

ரோடு பைக் விற்கும் கடையில் எல்லாவற்றையும் எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். எடை எத்தனை கிராம், பின்னால் எத்தனை பல்சக்கரம், சின்னதில் எத்தனை பல், பெரியதில் எத்தனை பல். கியர் லீவரைத் தள்ளும்போது விரலுக்கு என்ன தெரிகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்வதற்கு எண்ணும் இல்லை. ஆனால் நாள் முழுக்க ஓட்டுகிறவர் ஓயாமல் தொட்டுக்கொண்டிருப்பது அந்த லீவரைத்தான். ஃபிரேம் கார்பனா அலுமினியமா என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியையாவது இந்தச் சின்னச் சொடுக்குக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஷிஃப்டர், முன் டிரெய்லியர், பின் டிரெய்லியர், கேசட், செயின், கிராங்க், பிரேக் என்று ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே கம்பெனி செய்து தருவதைக் குரூப்செட் என்கிறோம். ரோடு பைக் உலகில் பேர்போன கம்பெனிகள் மூன்று: இத்தாலியின் விசென்சாவில் கம்பஞோலோ, ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரத்தில் ஷிமானோ, அமெரிக்காவின் சிகாகோவில் ஸ்ராம். ஒழுங்காக மாட்டி, சரியாக ட்யூன் செய்து வைத்தால் மூன்றின் கியரும் பிசகாமல் விழும். எது நன்றாக மாறும் என்ற கேள்வி அநேகமாகத் தீர்ந்துபோன கேள்வி. தீராமல் இருப்பது பதம். ஒரே வேலையை மூன்று ஊர்க்காரர்கள் விரலுக்கு மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அதைத்தான் இங்கே நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

கேசட் ஒன்றைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூரத்தில், வரிசையாகப் பல் வெட்டிய வட்டத் தகடுகள்தான் தெரியும். கிட்டே கொண்டுவந்தால் ஒரு பல்லைப் போல இன்னொரு பல் இருக்காது. சிலவற்றின் உச்சி சரிவாகச் சீவப்பட்டிருக்கும். சில, பக்கத்துப் பல்லைவிடக் குட்டை. சில ஒரு பக்கமாக லேசாகத் திருகினாற்போல நிற்கும். பெரிய சக்கரத்தின் பக்கவாட்டில், சின்னச் சக்கரத்தைப் பார்த்த முகத்தில், ஆழமில்லாத பள்ளங்கள் சாய்ந்து மேலேறும். செயின் ஏறிப்போகும் பாதை அது. ஷிமானோ 1980களின் கடைசியில் இதை ஹைப்பர்கிளைடு என்ற பெயரில் கொண்டுவந்தது. அதற்கு முன்னால், செயினை டிரெய்லியர் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே இருக்க, ஏதாவது ஒரு பல் கவ்வும்வரை கரகரவென்று உரசும். ஹைப்பர்கிளைடில் செயின் பழைய சக்கரத்தை விடுவதற்கு முன்பே புதிய சக்கரத்தில் கால் வைத்துவிடுகிறது. சிறிது தூரம் இரண்டு சக்கரத்தையும் பிடித்தபடி ஓடுகிறது. அதனால்தான் பெடலில் கால் அழுத்திக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்ற முடிகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பாதை சக்கரத்தைச் சுற்றிச் சில இடங்களில்தான் இருக்கும். லீவர் சொடுக்கிய அந்த நொடியில் பாதை செயினுக்கு நேரே இல்லாவிட்டால், அது சுற்றி வரும்வரை செயின் காத்திருக்கும். சமதரையில் கால் வேகமாகச் சுற்றும்போது இந்தக் காத்திருப்பு தெரியவே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், கால் கனத்து மெதுவாகச் சுற்றும்போது கியரை லேசாக்கிப் பாருங்கள். விரல் சொல்லிவிட்டது, செயின் இன்னும் ஏறவில்லை, ஒரு சின்ன இடைவெளி, பிறகு கால் லேசாகிறது. அந்த இடைவெளியில் காலின் அழுத்தத்தைத் துளி குறைத்துக் கொடுத்தால் சத்தமில்லாமல் ஏறிவிடும். நல்ல ஓட்டுநர் இதை யோசித்துச் செய்வதில்லை. கால் தானாகச் செய்யும்.

கேபிள் வைத்த ஷிஃப்டரில் இரண்டு திசைக்கும் குணமே வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய சக்கரத்துக்கு ஏற்றும்போது கேபிளை இழுப்பது உங்கள் விரல். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு, கேபிள் குழாய்க்குள் உரசுவது, செயின் ஏற மறுத்து ஏறுவது எல்லாம் விரலுக்கு வந்து சேரும். சின்னச் சக்கரத்துக்கு இறக்கும்போது நீங்கள் ஒரு கொக்கியை விடுவிக்கிறீர்கள், அவ்வளவுதான். மிச்ச வேலையை டிரெய்லியரின் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ஏற்றுவது உழைப்பு, இறக்குவது அனுமதி. இந்த இரண்டையும் எந்த விரலிடம் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதில்தான் மூன்று கம்பெனிகளும் மூன்று வழியில் போயின.

இந்தச் சொடுக்கு எனப்படுவதே பிற்காலத்துச் சங்கதி. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டிரெய்லியருக்கு அனுமதி கிடைத்ததே 1937இல்தான். 1940களில் கம்பஞோலோ விற்ற கேம்பியோ கோர்சாவில், ஓட்டுகிறவர் ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி, சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியைத் திருப்பிப் பின்சக்கரத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும். பின்பக்கமாக மிதித்தபடி இன்னொரு கம்பியால் செயினை நகர்த்த வேண்டும். மறுபடி சக்கரத்தை இறுக்க வேண்டும். ஜினோ பார்தாலி 1948 டூரை வென்றது இந்தச் சாமானை வைத்துத்தான். பிறகு 1950களின் தொடக்கத்தில் வந்த கிரான் ஸ்போர்ட், கேபிளால் நகரும் இணைகர டிரெய்லியரை நிலைநிறுத்தியது. அதன் லீவர் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருந்தது. அதில் சொடுக்கு கிடையாது. லீவரை உத்தேசமாக நகர்த்தி, செயின் உரசும் சத்தத்தைக் கேட்டு, சத்தம் ஓயும் இடத்தில் நிறுத்த வேண்டும். பழைய ஓட்டுநர்கள் காதால் கியர் போட்டார்கள். அந்த லீவர்களை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். எதிர்ப்பு ஒரே சீராக இருக்கும், எங்கேயும் ஒரு தடங்கல் வராது. இசைக்கருவியில் சுருதி சேர்க்கிற மாதிரியான கவனத்தை அது கேட்டது.

சொடுக்கு வருவதற்கு வழி திறந்தது வேறொரு ஜப்பானியக் கம்பெனி. மயேடா என்ற அந்தக் கம்பெனி, சன்டூர் என்ற பெயரில் 1964இல் சாய்ந்த இணைகர டிரெய்லியரைக் கொண்டுவந்தது. அது நகரும்போது, செயினை வழிநடத்தும் சின்னக் கப்பி ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கும். சின்னச் சக்கரத்தில் எட்ட, பெரியதில் கிட்டே என்ற பேதம் போனதும், ஒவ்வொரு நகர்வையும் ஒரே அளவாக்கலாம் என்ற வாய்ப்பு வந்தது. அந்தக் காப்புரிமை 1984இல் முடிந்தது. அதே ஆண்டில் ஷிமானோ டுரா-ஏஸ் 7400 என்ற குரூப்செட்டை வெளியிட்டது. லீவரில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு சொடுக்கு. 1990இல் அந்த லீவர் கீழ்க்குழாயை விட்டு பிரேக் லீவருக்குள்ளேயே ஏறிவிட்டது. கை ஹேண்டில்பாரை விட வேண்டிய தேவை அன்றோடு தீர்ந்தது. நல்ல யோசனையை முதலில் செய்த சன்டூர், அதன் பலனை ஷிமானோ அறுவடை செய்வதைப் பார்த்துக்கொண்டே சந்தையில் தேய்ந்துபோனது. சைக்கிள் சரித்திரத்தில் எனக்கு இன்றும் மனம் கனக்கும் பக்கம் இது.

இனி, ஷிமானோ. சகாய் நகரம் கத்திக்குப் பேர்போனது. இரும்பை அடித்து வளர்ந்த ஊர். ஷோசாபுரோ ஷிமானோ 1921இல் அங்கேதான் பட்டறை தொடங்கினார். முதலில் செய்த சாமான் ஃப்ரீவீல். பிரேக்கும் கியரும் ஒன்றாகச் சேர்ந்த அந்தக் கம்பெனியின் எஸ்டிஐ லீவரில் பிரேக் பிடிக்கும் அதே தகடு உள்பக்கமாகவும் சாயும். அப்படிச் சாய்த்தால் செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறும். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன லீவரைத் தட்டினால் இறங்கும். இழுப்பு பெரிய தகடு, விடுதலை சின்னத் தகடு. இரண்டும் சுட்டுவிரலுக்கோ நடுவிரலுக்கோ எட்டும் இடத்தில்.

ஷிமானோவின் சொடுக்கில் உரத்த பேச்சு இல்லை. தகடு சாயும் தூரத்தில் முதல் பாதி வெறும் நகர்வு. பிறகு மெல்ல ஒரு எதிர்ப்பு. அது கூடிக்கொண்டே வந்து, சத்தமாக உடையாமல், உள்ளுக்குள் அமுங்கி முடியும். விரல் இதைத் தடையாக உணராது. வேலை முடிந்ததற்கான ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் இந்த மென்மை எல்லாத் தலைமுறையிலும் ஒன்றுபோல் வந்ததில்லை. 7800 டுரா-ஏஸில் கியர் கேபிள் ஷிஃப்டரின் பக்கவாட்டிலிருந்து வெளியே தொங்கும். பார்க்க அழகில்லை என்றாலும் வளைவு குறைவு, ஆகவே உரசல் குறைவு. 2008இல் வந்த 7900 கேபிளை ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் ஒளித்தது. தோற்றம் சுத்தமானது, லீவர் கனத்தது. கூடுதலாக வந்த கூர்மையான வளைவுக்கு விரல் கொடுத்த விலை அது. 2012இல் 9000 வந்தது: பாலிமர் பூச்சுப் பூசிய கேபிள், புதிய இழுப்பு அளவு, முன் டிரெய்லியரில் நீண்ட நெம்புகோல். கேபிள் ஒளிந்தே இருந்தது, கனம் போய்விட்டது. முதல் பல்சக்கரத்திலிருந்து கடைசிப் பல்சக்கரம் வரை விரல் கொடுக்க வேண்டிய பலம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். மற்ற ஷிஃப்டர்களில் மேலே போகப் போக ஸ்பிரிங் இறுகி விரல் களைக்கும். 9000இல் பதினோராவது சக்கரத்துக்கும் இரண்டாவது சக்கரத்துக்கும் விரல் பெரிய பேதம் காணாது. கேபிளில் ஓடும் ஷிஃப்டர்களில் மென்மையின் உச்சம் இதுதான் என்று சொல்வேன்.

அதன் முன் கியர் இன்னும் ரசமானது. 34 அல்லது 39 பல் வட்டிலிருந்து 50 அல்லது 53 பல் வட்டுக்குச் செயினைத் தூக்குவது முரட்டு வேலை. இடது கையில் பெரிய வீச்சு வேண்டும் என்று பழகிப்போன எங்களைப் போன்றவர்களுக்கு 9000இன் இடது லீவர் ஆச்சரியம். நெம்புகோல் நீண்டது ஒரு காரணம். இன்னொன்று, ஷிமானோவின் பெரிய வட்டு வெறும் தகடு இல்லை. உள்ளே கூடாக, விளிம்பு தடித்துச் செய்யப்பட்டது. செயின் பக்கவாட்டில் இடிக்கும்போது அது வளைந்து கொடுப்பதில்லை. விறைப்பான சுவரில் படிக்கட்டு வைத்தால் ஏறுவது சுலபம் என்பது போலத்தான், வட்டு அசையாமல் நின்றால் செயின் தயங்காமல் ஏறுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பிரேக் தகடும் கியர்த் தகடும் ஒன்றே என்பதால், இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி அடுத்த வளைவுக்காகக் கியரை ஏற்ற நினைத்தால் விரலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வேலை. அங்கே அந்தச் சொடுக்கின் தெளிவு மங்கிவிடும். சின்னச் சக்கரத்துக்கு இறக்கும்போது ஒரு தட்டுக்கு ஒன்றுதான். ஏற்றம் முடிந்து சரிவு தொடங்கும் உச்சியில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

விசென்சாக்காரர்களின் பதில் கட்டைவிரலில் இருக்கிறது. துல்லியோ கம்பஞோலோ தானே பந்தய ஓட்டுநர். குரோச்சே தவுனே கணவாயில் பனியில் விறைத்த விரல்களால் பின்சக்கரத்தின் சிறகு நட்டைக் கழற்ற முடியாமல் தோற்றார் என்பது அந்தக் கம்பெனியின் ஆதிக்கதை. கதை எப்படியோ, ஒரு நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கழலும் குயிக் ரிலீஸ் 1930இல் அவர் பெயருக்குக் காப்புரிமையானது. 1933இல் கம்பெனி பிறந்தது. விரல் படும் பாட்டிலிருந்து தொடங்கிய கம்பெனி என்பதால், விரலைப் பற்றி அவர்களுக்கு ஒரு கொள்கை இருப்பதில் வியப்பில்லை. 1992இல் வந்த எர்கோபவர் ஷிஃப்டரின் கொள்கை: ஒரு லீவருக்கு ஒரு வேலை. பிரேக் லீவர் பிரேக்குக்கு மட்டும், பக்கவாட்டில் சாயாது. அதன் பின்னால் உள்ள லீவரைச் சுட்டுவிரலால் தள்ளினால் செயின் ஏறும். கை பிடிக்கும் ரப்பர் உறையான ஹூட்டின் உள்பக்கத்தில், கட்டைவிரல் இயல்பாகப் போய் அமரும் இடத்தில் ஒரு சின்னக் காது நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால் இறங்கும்.

ஏற்றுவது ஒரு விரல், இறக்குவது எதிர்ப்பக்கத்து விரல். குழப்பத்துக்கே இடமில்லை. மழையில், இருட்டில், மூச்சு வாங்கும்போதும் கை தவறாது. உயர்ரக மாடல்களில் கட்டைவிரலை ஒரே மூச்சில் அழுத்தி ஐந்து சக்கரம் வரை இறங்கலாம். ஒவ்வொரு சக்கரத்தையும் விரல் எண்ணிக்கொண்டே போகும். ஏற்றத்தின் உச்சியைத் தாண்டி, சீட்டிலிருந்து எழுந்து, கட்டைவிரலை நீள அழுத்தி, டக் டக் டக் என்று மூன்று இறங்கி, காலுக்குக் கனம் வந்து வண்டி பாய்கிற அந்த நொடி இருக்கிறதே, சைக்கிள் ஓட்டுவதில் எனக்குப் பிடித்த நொடிகளில் அது முதலிடத்தில் இருக்கும்.

கம்பஞோலோவின் சொடுக்கு ஷிமானோவைப் போல அமுங்கி முடியாது. அது ஒலிக்கும். திண்டுக்கல் பூட்டில் சாவி திரும்பி நாக்கு உள்ளே போய் விழும்போது மணிக்கட்டு வரை ஒரு உறுதி வந்து சேருமே, அந்த ஜாதி. கொஞ்சம் பலம் வேண்டும். அந்தப் பலத்துக்கு ஈடான பதிலும் கிடைக்கும். புது எர்கோபவர் முதல் சில வாரங்களுக்கு விறைப்பாகவே இருக்கும். ஓட ஓடத்தான் இளகும். ஷிமானோ தேயும், கம்பஞோலோ பழகும் என்று உலகெங்கும் ஓட்டுநர்கள் சொல்வது வெறும் விசுவாசப் பேச்சு இல்லை.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு இரும்புச் சான்று உண்டு. பழைய எர்கோபவருக்குள் சொடுக்கை உண்டாக்குவது, ‘ஜி’ எழுத்தின் வடிவில் வளைந்த இரண்டு குட்டி ஸ்பிரிங்குகள். நகத்தளவுதான் இருக்கும். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அவை தளர்ந்துவிடும். சொடுக்கின் விளிம்பு மழுங்கும். இரண்டு கியருக்கு நடுவில் லீவர் தயங்கும். அப்போது ஷிஃப்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஹூட்டைக் கழற்றி, உள்ளேயுள்ள திருகைத் தளர்த்தி, வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, கிரீஸ் தடவி மூடினால், சொடுக்கு மறுபடி பிறந்துவிடும். அந்த ஸ்பிரிங்கைத் தனியாக விற்றார்கள். அதே காலத்து எஸ்டிஐயைத் திறக்க வேண்டாம் என்பதுதான் ஷிமானோவின் நிலை. கெட்டால் முழுதாக மாற்ற வேண்டும். விரலுக்குக் கிடைக்கும் இன்பம் பழுது பார்க்கத் தக்கது என்று ஒரு கம்பெனி நினைத்ததே, அதற்காகவே நான் அவர்கள் பக்கம் சாய்கிறேன்.

சிகாகோக்காரர்கள் ரோடு பைக்குக்குத் தாமதமாக வந்தார்கள். 1987இல் தொடங்கிய ஸ்ராம், முதலில் கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் கிரிப் ஷிஃப்டைத்தான் செய்தது. ரோடு பைக்குக்கான டபுள்டேப் ஷிஃப்டர், ஃபோர்ஸ், ரைவல் குரூப்செட்டுகளோடு 2006இல் சந்தைக்கு வந்தது. அதில் பிரேக் லீவருக்குப் பின்னால் ஒரே ஒரு லீவர். லேசாகத் தட்டினால் இறங்கும். தட்டியதோடு நிறுத்தாமல் மேலே தள்ளினால் ஏறும். ஏற்றும்போது முதலில் அந்த இறக்கச் சொடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே விரலுக்கு இரண்டு செய்தி வரும்: முதலில் ஒரு சின்ன டிக், தொடர்ந்து தள்ளினால் கனமான டக். முதல் நாள் புரியாது. பழகிவிட்டால் ஒரு விரலிலேயே எல்லாம் அடங்கிவிட்ட சிக்கனம் பிடித்துப்போகும். அந்த லீவரை ஹேண்டில்பாரோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்ளவும் முடியும். கடைசி நூறு மீட்டர் எழுந்து மிதிக்கும்போது விரல் லீவரைத் தேட வேண்டியதில்லை, பிடியிலேயே இருக்கும்.

டபுள்டேப்பின் சொடுக்கு நேர்ப்பேச்சு. ஒவ்வொரு கியருக்கும் அதிகக் கேபிள் இழுக்கும்படி அமைத்திருப்பதால், கேபிளில் சிறிது அழுக்கும் நீட்சியும் வந்தாலும் கியர் பிசகுவது குறைவு. மழைக்கால ஓட்டத்துக்கு ஏற்றது. ஆனால் ஒரு இடத்தில் அது கையைச் சுடும். ஏற்றத்தில் ஏற்கெனவே கடைசிப் பெரிய சக்கரத்தில் இருப்பதை மறந்து, இன்னும் ஒன்று கிடைக்காதா என்று தள்ளினால், மேலே போக இடமில்லாமல் இறக்கச் சொடுக்கு மட்டும் வேலை செய்து, லேசாக வேண்டிய நேரத்தில் கியர் கனத்துவிடும். செங்குத்தான மேட்டில் அதைவிடக் கொடுமை இல்லை.

ஸ்ராமில் நான் மிகவும் ரசிப்பது லீவரை அல்ல, 2007இல் வந்த ரெட் குரூப்செட்டின் கேசட்டை. தனித்தனித் தகடுகளைக் கோத்துச் செய்யாமல், ஒரே எஃகுக் கட்டியைக் குடைந்து குடைந்து கூம்பு மாதிரி எடுத்தார்கள். உள்ளே வெறும் வெளி. எடை மளமளவென்று இறங்கியது. ஆனால் வெளி இருந்தால் ஒலி இருக்கும்: ஒவ்வொரு கியர் மாற்றமும் அந்தக் கூட்டுக்குள் எதிரொலித்துக் கணீரென்று வெளியே வந்தது. 2012 மாடலில் பற்களுக்கு அடியே, சக்கரங்களுக்கு இடையே மெல்லிய ரப்பர் வளையங்களைச் செருகி அந்தச் சத்தத்தை அடக்கினார்கள். சைக்கிளில் ஓசையையும் ஒரு பொறியியல் பொருளாக எடுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள் என்று அந்த வளையங்களைத் தொட்டுப் பார்க்கும்போது தெரியும்.

கியர் கூடக் கூட இந்தப் பதத்தைக் காப்பாற்றுவது கடினமாகிக்கொண்டே வந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 8 சக்கரக் கேசட்டில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 4.8 மில்லிமீட்டர். 11இல் சுமார் 3.7. செயினின் அகலம் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருந்து ஐந்தரை அளவுக்கு இறங்கியது. அளவு குறையக் குறைய, பிசகுக்கு இருந்த இடமும் குறைந்தது. 8 சக்கரக் கிளாரிஸ் குரூப்செட் இன்றும் கேபிள் தளர்ந்தாலும் சமாளித்து ஓடுவதும், 11 சக்கர வண்டியில் திருகு கால் சுற்று மாறினாலே செயின் முணுமுணுப்பதும் இதனால்தான். விலை குறைந்த குரூப்செட் என்று கிளாரிஸை ஒதுக்குகிறவர்கள் அதன் அகலமான, தாராளமான சொடுக்கை ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு மின்சாரம் வந்தது. பிரான்சின் மாவிக் 1990களிலேயே முயன்றது, நிலைக்கவில்லை. ஷிமானோவின் டிஐ2 2009இல் டுரா-ஏஸில் வந்து நிலைத்தது. கம்பஞோலோ 2011இல் தொடர்ந்தது. ஸ்ராம் 2015இல் இடேப் மூலம் வயரையே எடுத்துவிட்டது. இடேப்பின் தர்க்கம் அழகானது: வலது லீவர் கனமாக்கும், இடது லீவர் லேசாக்கும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன் கியர் மாறும். ஐந்து நிமிடத்தில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மின்சார ஷிஃப்டர் எதைக் கொடுக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டிஐ2வின் முன் டிரெய்லியர் செயினைப் பெரிய வட்டுக்குத் தூக்குவதைக் கேளுங்கள்: ஒரு குட்டி மோட்டாரின் ‘ஸ்ஸ்ப்’, அவ்வளவுதான். காலையில் என்ன பலத்தில் தள்ளியதோ அதே பலத்தில் மாலையிலும் தள்ளும். பின்னால் சக்கரம் மாறும்போது முன் டிரெய்லியர் தானே துளி நகர்ந்து உரசலைத் தவிர்த்துக்கொள்ளும். 300, 600 கிலோமீட்டர் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டம் ஓட்டுகிறவர்களுக்கு இரவுக்குமேல் உள்ளங்கை மரத்து, சுண்டுவிரலில் உணர்வே இருக்காது. அந்தக் கைக்கு ஒரு பொத்தான் போதும் என்பது பெரிய கருணை. அவர்களிடம் போய் நான் கேபிளின் சுவையைப் பற்றிப் பேச மாட்டேன்.

எடுத்துக்கொள்வது என்ன? கேபிள் இருந்தவரை, விரல் செயினோடு நேரடியாகக் கட்டப்பட்டிருந்தது. செயின் தயங்கினால் விரலுக்குத் தெரியும். கேபிள் அழுக்கேறினால் முதலில் சொல்வது விரல்தான். பொத்தானில் அந்தச் செய்தி அறுந்துவிட்டது. பொத்தானின் சொடுக்கு செயினின் சொடுக்கு இல்லை. தொட்டாய் என்பதற்கு அத்தாட்சி மட்டும். செயின் ஏறியதா என்பதைக் காலும் காதும்தான் சொல்ல வேண்டும். ஆரம்ப டிஐ2வில் இரண்டு பொத்தான்களும் ஒட்டி ஒட்டி இருந்ததால், தடித்த கையுறை போட்டால் எது எது என்றே விரலுக்குப் பிடிபடவில்லை. 2021 மாடலில் ஷிமானோ அவற்றுக்கு இடையிலான மட்ட வித்தியாசத்தைக் கூட்டியது. விரல் தன் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

இன்னொரு இடம் விசென்சாவில். 2023இல் வந்த வயரில்லாத சூப்பர் ரெக்கார்டு குரூப்செட்டில் கம்பஞோலோ தன் கட்டைவிரல் லீவரை எடுத்துவிட்டது. இரண்டு பொத்தானும் பிரேக் லீவருக்குப் பின்னால் போயின. கியர் பழுதில்லாமல்தான் மாறியது. ஆனால் அது கம்பஞோலோவாக இல்லை. 2025இல் 13 சக்கர சூப்பர் ரெக்கார்டு வந்தபோது கட்டைவிரல் லீவரும் திரும்பி வந்தது. மோட்டார் செய்யும் வேலைக்குக் கட்டைவிரல் எதற்கு என்று கணக்குப் பார்த்தால் தேவையே இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதுதான் செய்தி. பதம் என்பது ரசிகனின் கற்பனை இல்லை, கம்பெனியையே திரும்பி நடக்க வைக்கும் பொருள்.

கேபிளின் காலம் மேலேயிருந்து முடிந்துகொண்டு வருகிறது. 2016இல் வந்த ஆர்9100தான் கேபிளில் ஓடிய கடைசி டுரா-ஏஸ். 2021இல் வந்தது மின்சாரத்தில் மட்டும். ஸ்ராமின் உயர்ரகங்களும் அந்த வழியே போய்விட்டன. நல்ல வேளையாக ஷிமானோ தன் 105 குரூப்செட்டில் 2023இல் 12 சக்கரத்துக்குக் கேபிள் மாடல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய 11 சக்கர ஆர்7000, 9000இன் மென்மையில் பெரும்பங்கைப் பாதி விலைக்கும் குறைவாகத் தந்த சாமான். பழைய வண்டிச் சந்தையில் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். என் தீர்ப்பு இதுதான்: மென்மைக்கு 9000, வசதிக்கு டிஐ2, எளிமைக்கு இடேப், ஆனால் விரலுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் கேபிளில் ஓடும் கம்பஞோலோதான்.

குரூப்செட்டை மாற்ற நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் கேபிளை மாற்றுங்கள். உள்கம்பி மட்டும் போதாது, வெளிக்குழாயையும் சேர்த்து. சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் கை வியர்வையும் ஹேண்டில்பார் டேப்புக்கு அடியிலேயே கேபிளை அரித்துவிடும். டேப்புக்குள் ஓடும் மாடல்களில் ஷிஃப்டருக்குள்ளேயே இழை இழையாக நைந்து, ஒருநாள் சொல்லாமல் அறுந்துபோகும். லீவர் கனக்கத் தொடங்கினாலே அதற்கான முன்னறிவிப்பு. வருஷத்துக்கு ஒருமுறை நல்ல கேபிள் போட்டு, குழாயின் முனைகளைச் சதுரமாக வெட்டி, வளைவுகளைத் தாராளமாக விட்டு மாட்டிப் பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஷிஃப்டரின் உண்மையான பதம் அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், புதியதை ஸ்டாண்டில் தூக்கி வைத்துச் சொடுக்கிப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு மேட்டில், பெடலில் பாரம் இருக்கும்போது மாற்றிப் பார்த்து வாங்குங்கள்.